காயம் என்றால் காய வேண்டாமா

கையில் பதினேழாம் நம்பர் டோக்கன், உள்ளே போயிருப்பது பதினான்கு, நடுவில் இரண்டே பேர், ஆளுக்குக் கால் மணி நேரம் என்று வைத்தால்கூட அரை மணி நேரம் இருக்கிறது, அதற்குள் சிஸ்டரிடம் சொல்லிவிடுவதா வேண்டாமா என்று ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்று கித்தேரியம்மாள் நினைத்தாள். நினைத்த கையோடு டோக்கனைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை. இருக்காது என்று தெரியும், ஆனாலும் எதையும் திருப்பிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. ஐம்பத்து நான்கு வயதில் நாற்பது வருஷம் தூத்துக்குடிக் கடற்கரையில் கருவாடு காயப்போட்டவள். வாளையோ சாளையோ நெத்திலியோ, மேல்பக்கம் காய்ந்ததும் புரட்டிப்போட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் ஈரம் நின்று புழு வைத்துவிடும், அந்தப் புத்தி அவள் விரல்களிலேயே ஏறிப்போய்விட்டது. இப்போது அவள் கால்தான் எதிரே ஸ்டூலில் நீட்டிக் கிடக்கிறது, வலது கால், கணுக்கால் வரைக்கும் வெள்ளைக் கட்டு. கட்டுக்குள்ளே, பெருவிரலுக்கு அடியில் பாதம் தரையில் அழுந்துகிற இடத்தில், எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கி வைத்த அளவுக்குப் புண். இரண்டு மாதத்துக்கு முன்னால் கெளுத்தி முள் ஏறிய இடம். சர்க்கரை வியாதிக் காலுக்கு உணர்ச்சி இல்லை, முள் ஏறியதே தெரியாமல் இரண்டு நாள் அதன்மேலேயே நடந்து திரிந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம், அப்பவும் தேறலன்னா பெருவிரலை எடுத்துரலாம் என்று சொன்னார். சோற்றில் கிடக்கிற கல்லை எடுப்பது மாதிரி சொன்னார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கட்டு மடிப்புக் கலையாமல், செவ்வாய்க்கிழமை சிஸ்டர் கட்டிவிட்டபடியே இருக்கிறது. அதுதான் வேடிக்கை. அந்தக் கட்டைப் புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அவிழ்த்து, புண்காலை மொட்டைமாடி வெயிலில் அரை மணி நேரம் காயவைத்துவிட்டு, மறுபடி எட்டுப் போட்டுச் சுற்றி, அதே பிளாஸ்திரியை அதே இடத்தில் ஒட்டியவள் கித்தேரியம்மாளேதான். இந்த வாரம் மட்டுமா, மூன்று வாரமாக இதே கதை. கூடை கட்டி, சாக்குத் தைத்து, ஓலைப்பாய் சுருட்டிப் பழகிய கைக்கு ஒரு கட்டைப் பார்த்தபடி கட்டுவதா பெரிய காரியம். உள்ளூர அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, அந்தப் பெருமையை நினைத்து இப்போது வெட்கமாகவும் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீ மாஸ்டர் பதினாறாம் நம்பர். கொதிக்கிற பால் கொட்டி முன்கை முழுக்க வெந்துபோனவர். அவர் கையில் ஒட்டியிருந்தது துணியே இல்லை, கண்ணாடித்தாள் மாதிரி ஒன்று, உள்ளே இருக்கிற சிவப்பெல்லாம் அப்படியே தெரிந்தது. கித்தேரியம்மாள் குனிந்து, மூக்கு அவர் கையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். உள்ளே வேர்த்து நசநசக்காதா என்று கேட்டாள். தண்ணி உள்ளே போகாதாம், ஆனா உள்ளே இருக்கிற ஆவி வெளியே போயிருமாம், சிஸ்டர் சொல்லுச்சு என்றார் அவர். உள்ளே விடாத, வெளியே மட்டும் விடுகிற தாள். அதெப்படி. கதவென்றால் இரண்டு பக்கமும் திறக்கத்தானே செய்யும். இந்தப் பெஞ்சில் ஒன்றரை மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் உட்கார்ந்ததில் அவளுக்கு உலகத்தில் இத்தனை விதமான கட்டு இருக்கிறது என்பதே பெரிய ஆச்சரியமாகப் போய்விட்டது. கட்டு என்றால் பஞ்சும் துணியும் என்றுதான் நினைத்திருந்தாள். தெருமுனைக் கம்பவுண்டர் அப்படித்தான் காய்ந்த காஸ் துணியை வைத்துக் கட்டினார், மறுநாள் உரித்தால் துணியோடு சதையும் வந்தது, ரத்தம் வந்தா நல்லதுதான், அழுக்கெல்லாம் போகுது என்றார், அவளும் தலையாட்டினாள். இங்கே வந்த முதல் நாள் மாரிச்செல்வி சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, தினம் வளர்றதைத் தினம் பிய்த்து எறிந்திருக்கிறார்கள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஒரு துணி வைத்தாள், மெழுகு மாதிரி என்னமோ தடவிய வலைத்துணி, நெத்திலி வலையைவிடச் சின்னக் கண். அது புண்ணில் ஒட்டாமல் இருப்பதற்காம். பிடிப்பதற்குத்தான் வலை என்று பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டவளுக்கு, பிடிக்காமல் விடுவதற்கென்றே ஒரு வலை இருக்கிறது என்பது அன்றைக்கு முழுக்க யோசிக்கப் போதுமானதாக இருந்தது. அப்புறம் ஸ்பாஞ்சு மாதிரி ஒரு மெத்தை, வடிகிற நீரைக் குடித்துக்கொண்டு புண்மேல் அழுத்தமும் விழாமல் பார்த்துக்கொள்வது. அப்புறம் அந்த மூலையில் உட்கார்ந்திருக்கிற போஸ்ட்மேன், அவர் காலில் கரி சேர்த்த துணி. முன்பெல்லாம் அவர் வந்தால் வாசலிலேயே வாடை தெரியும். மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள், அவள் பொத்தவில்லை, நாற்பது வருஷம் நாற்றத்தோடு குடும்பம் நடத்தியவள், எந்த வாடை எந்தக் கட்டத்தில் வரும் என்று அவளுக்குக் கணக்குத் தெரியும். கரித்துணி போட்ட பிறகு அந்த வாடையே இல்லை. கரி எப்படி வாடையைத் தின்னும் என்று கேட்டாள், போஸ்ட்மேனுக்குப் பதில் தெரியவில்லை, தினமும் கரி அடுப்பு மூட்டுகிறோமே, அது எதையும் தின்று பார்த்ததில்லையே என்று அவள் ராயப்பர் கோயில் திருப்பம் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனாள்.

எல்லாவற்றையும் ஆசையாகக் கேட்டுக்கொள்வாள், ஒரு இடத்தில் மட்டும் புத்தி மாட்டிக்கொள்ளும். காயம். காய்வதால்தானே அதற்குக் காயம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். மீன் காய வேண்டும், துணி காய வேண்டும், பெயிண்ட் அடித்தால் பெயிண்ட் காய வேண்டும், காயம் மட்டும் காயக் கூடாது என்றால் அந்தப் பேர் வைத்தவன் என்ன மடையனா. செவ்வாய்க்கிழமை, டாக்டர் வருவதற்கு முன்னால், இதை அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள், காயம்னா காய வேண்டாமா சிஸ்டர் என்று. மாரிச்செல்வி இடுக்கியைப் பிடித்தபடியே சிரித்துவிட்டாள். முப்பது வயசுப் பெண், எப்போதும் அவசரத்திலேயே இருப்பவள், ஆனால் கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வாள், அதற்காகவே கித்தேரியம்மாளுக்கு அவளைப் பிடிக்கும்.

"காயக் கூடாதும்மா, ஆறணும். புதுத் தோல் ஓரத்துல இருந்து நீந்தித்தான் வரும், நடந்து வராது. ஈரம் இருந்தாத்தான் நீந்தும். காஞ்சு பொருக்குத் தட்டிருச்சின்னா அது அடியில சுரங்கம் தோண்டிக்கிட்டு வரணும், பாவம், எத்தன நாளாகும் சொல்லுங்க."

நீந்தித்தான் வரும். இந்த ஒரு வார்த்தை போதும் அவளை மூன்று நாள் தூங்க விடாமல் செய்ய. தோலுக்கு நீச்சல் தெரியுமா. எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு. நடுவில் மூழ்கிவிட்டால் என்ன செய்யும். அதையும் கேட்டாள், மூழ்கவும் செய்யும், ரொம்ப ஈரமானா சுத்தி இருக்கிற நல்ல தோல் வெளுத்து ஊறிரும், ரொம்ப நேரம் துணி துவைச்ச விரல் மாதிரி, அதனாலதான் ஒவ்வொரு புண்ணுக்கும் ஒவ்வொரு கட்டு, வடியிற புண்ணுக்குக் குடிக்கிற கட்டு, வறண்ட புண்ணுக்கு ஜெல்லு, பதம் பாத்துத்தான் வைக்கணும் என்றாள் சிஸ்டர். பதம் என்ற சொல் கித்தேரியம்மாளுக்குப் புரிந்தது. பதம் பார்க்கத் தெரியாதவள் கருவாட்டுத் தொழிலில் ஒரு மழைக்காலம் தாங்க மாட்டாள். ஆனால் ஆறணும் என்ற சொல்லைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புரட்டிப் புரட்டிப் போட்டாள். கஞ்சி ஆறும். பசி ஆறும். கோபம் ஆறும், அதற்கு நாள் பிடிக்கும். களைத்துப்போய் உட்கார்ந்தால் கால் ஆறும். இதில் எதையும் யாரும் வெயிலில் கொண்டுபோய் வைப்பதில்லை. வியாழக்கிழமை காலையில் கஞ்சியை ஊற்றிவைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள், ஆற ஆற மேலே மெல்லிசாக ஏடு படிந்தது, ஓரத்திலிருந்துதான் முதலில் படிந்தது, நடுவில் கடைசியாக மூடியது. ஏய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவ்வளவும் கண்ணால் பார்த்துவிட்டு, அன்றைக்கு மத்தியானமே மறுபடி மொட்டைமாடிக்கு ஏறிப்போய்க் காலை நீட்டினாளே, அதற்கு என்ன சொல்வது. புத்தி ஒரு பக்கம் போனது, கால் அதுபாட்டுக்கு ஏணிப்படி ஏறியது.

பதினைந்தாம் நம்பர் உள்ளே போனது. ஒரு ஆள் குறைந்துவிட்டது. சொல்லிவிடலாம், கதவு திறக்கும்போதே, நுழையும்போதே, சிஸ்டர் ஒரு விஷயம் என்று ஆரம்பித்துவிடலாம். ஆரம்பித்து. அதற்குமேல் வார்த்தை வரவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பார்களே. அண்ணனால் செய்தேன் என்று சொல்ல முடியுமா. தொம்மை அண்ணன், அவளைவிட ஆறு வயது மூத்தவன், ஒரே வல்லத்தில் ஏறி இருபது வருஷம் கடலுக்குப் போனவன். அவனுக்கும் இதே சர்க்கரை, இதே கால். முதலில் சுண்டுவிரல் போனது, பிறகு பாதி பாதம், பிறகு முட்டுக்குக் கீழே, அப்புறம் ஆளே போய்விட்டான், பதினான்கு மாதத்தில். அந்தக் கட்டு எப்போதும் ஈரமாக இருந்தது, பாயில் வடிந்தது, விரிப்பில் வடிந்தது, கழுவிக் கழுவிப் போட்டாள், எவ்வளவு கழுவினாலும் மறுநாள் ஈரம். காற்றாடப் போட்டாலாவது ஆறியிருக்கும் என்று அப்போதே அவளுக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. ஈரம்தான் அண்ணன் காலைத் தின்றது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லாமலேயே அது அவளுக்குள் கெட்டியாகிவிட்டது. இந்தப் புண்ணில் கம்பவுண்டர் கட்டை உரித்து முதல் தடவை நீர் வடிந்ததைப் பார்த்தபோது அண்ணனின் பாய்தான் கண்முன் வந்தது. பயம். வெறும் பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. உச்சி வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்தால் அந்தப் பயம் அரை மணி நேரத்துக்கு அடங்கும். பக்கத்தில் பாயில் நெத்திலி காயும், இந்தப் பக்கம் கால் காயும், இரண்டும் ஒன்றுபோலப் பளபளப்பு அடங்கி வரும், காய்வது கண்ணுக்குத் தெரியும், தெரிகிறதே என்று ஒரு நிம்மதி. இராத்திரி மறுபடி நீர் விட்டுவிடும். மறுநாள் மறுபடி ஏறுவாள். பெருவிரல் போனால் என்ன என்று டாக்டர் நினைக்கலாம், மீதி நான்கு இருக்கிறதே என்று. குதிகாலைத் தூக்கிக் குந்தி உட்கார்ந்து வரிசை வரிசையாக மீன் புரட்டுகிறவளுக்குப் பெருவிரல்தான் நங்கூரம். மணலில் அண்ணன் நடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒவ்வொரு அடிக்கும் யாரையாவது தேடிக்கொண்டு நடந்தான்.

கதவு இடுக்கு வழியாக மாரிச்செல்வியின் முதுகு தெரிந்தது. செவ்வாய்க்கிழமை நடந்ததை நினைக்காமல் இருக்கத்தான் அவள் இவ்வளவு நேரம் கண்ணாடித்தாளையும் கரித்துணியையும் நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, ஏனென்றால் அந்த முதுகைப் பார்த்ததும் எல்லாம் வந்துவிட்டது. டாக்டர் அருணகிரி அன்றைக்குப் புண்ணைக் குனிந்து பார்த்தார், ஒரு பக்கம் நீர் வடிகிறது, ஒரு பக்கம் வறண்டு ஒட்டிக்கிடக்கிறது, ஓரமெல்லாம் தடித்துப்போயிருக்கிறது. மூணு வாரமா ஒரே இடத்துல நிக்குது, கட்டத் தெரிஞ்சுதான் கட்டுறீங்களா என்று கேட்டார். கித்தேரியம்மாளைப் பார்த்து இல்லை. சிஸ்டரைப் பார்த்து. அறையில் இரண்டு பயிற்சி நர்சுகள் நின்றார்கள், வாசலில் நோயாளிகள் நின்றார்கள். மாரிச்செல்வி சரி சார் என்றாள். அவ்வளவுதான். கித்தேரியம்மாள் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மூன்று இறக்கை, ஒன்றில் மட்டும் தூசி அதிகம், ஏன் ஒன்றில் மட்டும் என்று அப்போதுகூட யோசித்தாள், இப்படியும் ஒரு மனசு இருக்குமா. டாக்டர் போன பிறகு சிஸ்டர் அலமாரியைத் திறந்து ஒரு சின்ன உறையை எடுத்தாள். உள்ளே பஞ்சுத் தகடு மாதிரி ஒன்று. இது கடல்பாசியில செஞ்சதும்மா, உங்க கடல்லயே கிடைக்குமே, அந்த மாதிரிப் பாசிதான், வடியிற நீரைக் குடிச்சிட்டு ஜெல்லு மாதிரி ஆயிரும், ஒட்டாது, ஈரமும் நிக்கும் என்று, திட்டு வாங்கிய குரலில் சொன்னாள், ஆனாலும் சொன்னாள். கடல்பாசி. கரையில் கட்டக்கோரை என்பார்கள். வலையில் சிக்கிக்கொண்டு வந்து உயிரை வாங்கும், கரையில் உட்கார்ந்து பிய்த்துப் பிய்த்து எறிவார்கள், எறியும்போது அதற்கு வசவு வேறு. அதுவா இது. கித்தேரியம்மாள் அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். கடல் வாடை துளிகூட இல்லை. புதன்கிழமை மத்தியானம் அவள் கட்டை அவிழ்த்ததற்குப் பயம் பாதிக் காரணம் என்றால், அந்தப் பாசி என்ன ஆனது என்று பார்க்கிற ஆசை மீதிப் பாதி. சிஸ்டர் சொன்னது சரிதான், பாசி கொழகொழவென்று, ஜவ்வரிசிக் கூழ் மாதிரி புண்ணுக்குள் அமர்ந்திருந்தது, தொட்டால் குளுகுளு. அட என்று பார்த்தாள். பார்த்ததோடு மூடியிருக்கலாம். அந்தக் கூழையும் சேர்த்து வெயிலில் காட்டினாள். அரை மணி நேரத்தில் அது சுருங்கி, இறுகி, பசை காய்ந்த மாதிரிப் புண்ணோடு ஒட்டிக்கொண்டது.

டீ மாஸ்டர் எழுந்து உள்ளே போனார். இனி கால் மணி நேரம். சொன்னால் என்ன ஆகும், இவ்வளவு சொல்லியும் கேட்காத பொம்பளைக்கு இனி இங்கே கட்டு இல்லை என்பார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும், கட்டு பிடிக்கவில்லை, விரலை எடுத்துவிடலாம் என்பார்கள். சொல்லியும் எடுத்துவிட்டால். சொல்லாமலே தேறிவிட்டிருந்தால். தேறியிருக்காது, காய்ந்த பாசி உள்ளே ஓடு மாதிரி இருக்கிறது, அதை உரிக்கும்போது சிஸ்டருக்குத் தெரிந்துவிடும். தெரியாது, அவள் இதுவரைக்கும் கண்டுபிடிக்கவில்லையே, தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு நிமிஷம் விட்டாள். விட முடியவில்லை. ஒருவேளை வெயில் காரணமே இல்லையோ, சர்க்கரைதான் காரணமோ, அப்படியானால் சொல்லி என்ன புண்ணியம். வெயில்தான் காரணம் என்றால், மூன்று வாரமாகப் புதுத் தோல் தினம் நீந்த ஆரம்பித்து, தினம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கடல் வற்றி, நடுவழியில் கிடந்திருக்குமே. எவ்வளவு தூரம் வந்திருக்கும். திரும்பிப் போயிருக்குமா, அங்கேயே கிடந்திருக்குமா. இதை மட்டும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். விரல் போகப்போகிற நேரத்தில் இப்படி ஒரு கேள்வி. டீ மாஸ்டர் வெளியே வந்தார், கையில் புதுக் கண்ணாடித்தாள், அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். பதினேழு என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

உள்ளே போய்க் கட்டிலில் ஏறி உட்காரும்வரைக்கும் தொண்டையில் வார்த்தை இருந்தது. மாரிச்செல்வி முகத்தை ஏறிட்டுப் பார்த்ததும் அது இறங்கிவிட்டது, ஏனென்றால் அந்தப் பெண்ணின் கண் வீங்கியிருந்தது, வழக்கமாகக் கேட்கிற சாப்பிட்டீங்களா என்ற கேள்வியையும் கேட்கவில்லை. கையுறை மாட்டினாள். பிளாஸ்திரியை உரித்தாள், சுற்றை அவிழ்த்தாள், கடைசி அடுக்கு வந்தபோது அப்படியே நின்றுவிட்டாள். இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. பாசி ஓடாகிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார், எட்டிப் பார்த்தார், இந்தக் கட்டும் ஒட்டிக்கிச்சா என்று கேட்டார், கேட்டுவிட்டு அட்மிஷன் சீட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். எடுத்துரலாம்மா, இழுத்துக்கிட்டே போனா பாதத்துக்கு வந்துரும், திங்கக்கிழம அட்மிட் ஆயிருங்க என்றார். மாரிச்செல்வி, நான் சரியாத்தான் சார் வச்சேன் என்றாள். குரல் உடைந்திருந்தது. ஃபேனைப் பார்க்கலாம் என்று கித்தேரியம்மாளின் கண் மேலே போனது. பாதி வழியில் திரும்பி வந்தது.

"அந்தப் பிள்ள மேல குத்தம் இல்ல டாக்டர். நாந்தான் வெயில்ல வச்சேன்."

எதை என்று டாக்டர் கேட்டார். காலைத்தான் என்றாள். கட்டை அவிழ்த்துவிட்டு, மொட்டைமாடியில், தினமும் மத்தியானம், மூன்று வாரமாக. சொல்லச் சொல்ல அவளுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. ஆனால் நிறுத்த முடியவில்லை, கருவாடு, அண்ணன், பாயில் வடிந்த நீர், எட்டுப் போட்டுத் திரும்பக் கட்டியது, காயம் என்ற பேர், எல்லாம் வரிசை இல்லாமல் வந்து விழுந்தது. டாக்டர் பேனாவை மூடவில்லை, எழுதவும் இல்லை. உணர்ச்சி இல்லாத கால், வெயில்ல வெந்தாக்கூட உங்களுக்குத் தெரியாதேம்மா என்றார். பிறகு, உப்பும் போட்டீங்களா என்று கேட்டார். கேலியா கோபமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். அது மட்டும் போடல என்றாள் அவள். மாரிச்செல்வி கண்ணாடிக் குப்பியிலிருந்து ஒரு நீரை எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் பாசி ஓட்டின்மேல் விட்டாள், விட்டுவிட்டுக் காத்திருந்தாள், மறுபடி விட்டாள். அது என்ன தண்ணி என்று கேட்காமல் இருக்கத்தான் கித்தேரியம்மாள் பல்லைக் கடித்தாள், கேட்டும்விட்டாள். உப்புத் தண்ணி, கண்ணீர்ல இருக்கிற அளவு உப்பு என்று நிமிராமலே பதில் வந்தது. ஓடு இளகியது. ஓரத்தில் வெள்ளையாகி, கூழாகி, இடுக்கியோடு தானாக வந்தது. ரத்தம் வரவில்லை.

பாத்தீங்களா சார் என்றாள் மாரிச்செல்வி. டாக்டர் குனிந்தார். ஒரு சின்னக் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்து அவளுக்கும் காட்டினார்கள், அவளே தன் புண்ணை அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்ததில்லை. முக்கால்வாசி இடம் மஞ்சளாகவும் வறண்டும் கிடந்தது. விரல் மடிப்பை ஒட்டிய ஓரத்தில் மட்டும், சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு, மாதுளை முத்து மாதிரிச் சிவப்பு, அதன் கரையில் மெல்லிசாக, பளபளவென்று இளஞ்சிவப்பு வரி. அங்கே மட்டும் ஏன் என்று அவள்தான் முதலில் கேட்டாள். கேட்டவளுக்கே பதிலும் தெரிந்துவிட்டது, அதையும் அவளே சொன்னாள். மொட்டைமாடியில் காலை நீட்டும்போது பெருவிரல் முன்னால் சாயும், அதன் நிழல் அந்த மடிப்பில்தான் விழும். வெயில் எட்டாத இடம். பாசி கூழாகவே நின்ற இடம். நாங்க செய்ய வேண்டிய பரிசோதனைய நீங்களே செஞ்சு முடிச்சிட்டீங்க என்றார் டாக்டர், சிரிக்காமல். சீட்டை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். பத்து நாள் தாரேன், பத்து நாளும் இந்தக் கட்ட நீங்க தொடக் கூடாது, சர்க்கரை மாத்திரைய விடக் கூடாது, கால ஊனக் கூடாது, அப்பவும் பிழைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். கித்தேரியம்மாள் சரி சரி என்று தலையாட்டினாள், ஆனால் அவள் கண் முழுக்க அந்தக் கண்ணாடியில் இருந்த வரிமேலேயே இருந்தது. வந்திருக்கிறது. இவ்வளவு செய்தும் ஒரு ஓரமாக வந்திருக்கிறது. திரும்பிப் போகவில்லை.

டாக்டர் போன பிறகு மாரிச்செல்வி புது உறையைப் பிரித்தாள், பாசியை வைத்தாள், அதன்மேல் மெத்தையை வைத்தாள், துணியைச் சுற்ற ஆரம்பித்தாள். அவள் கோபமாக இருந்தாள், அது சுற்றுகிற வேகத்திலேயே தெரிந்தது, ஆனால் இறுக்கம் கொஞ்சம் கூடினதும் தானே நிறுத்தி, ஒரு சுற்றைத் தளர்த்தி, மறுபடி சுற்றினாள். கித்தேரியம்மாள் என்னென்னவோ சொல்ல நினைத்தாள். மன்னிச்சிக்க தாயி என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"மூணு நாளா என் கைதான் வெளங்காமப் போச்சின்னு அழுதுக்கிட்டிருந்தேன்மா. வீட்ல எங்கம்மாகிட்ட, வேலைய விட்டுரட்டுமான்னு கேட்டேன்."

கித்தேரியம்மாள் தன் கால் ஒன்றுதான் பணயம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, அதில் கையுறை இருந்தது, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் பிளாஸ்திரியை ஒட்டி, அதன்மேல் தொடங்கிக் கட்டுத்துணிவரைக்கும் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டாள், பிரித்து ஒட்டினால் கோடு சேராது. கித்தேரியம்மாளுக்குச் சுருக்கென்றது. பிறகு, சரிதான், நானாக இருந்தாலும் போடுவேன் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது பன்னிரண்டு மணி தாண்டியிருந்தது. குதிகாலை மட்டும் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரைக்கும் வந்துவிட்டாள். ஆட்டோ நிற்கிற இடம் இருபது எட்டு இருக்கும், நடுவில் ஒரு மரம் இல்லை, சிமெண்டுத் தரை முழுக்க வெயில் கொட்டிக்கிடந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு வெயிலில் கால் வைக்கத் தயக்கமாக இருந்தது. கட்டின்மேல் வெயில் பட்டால் உள்ளே போகுமா, எத்தனை அடுக்குத் துணி, மெத்தை வேறு இருக்கிறது, போகாது, ஒருவேளை சூடு போகுமோ, சூடு போனால் ஈரம் என்னாகும். உள்ளே போய்க் கேட்கலாம் என்றால் இன்றைக்கு இதற்குமேல் கேட்க முகம் இல்லை. நிழல் முடிகிற கோட்டில் நின்றுகொண்டேயிருந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மாரிச்செல்வி கையுறை இல்லாமல், கையில் ஒரு கறுப்பு மடக்குக் குடையோடு வந்து, அதை நீட்டினாள். செவ்வாய்க்கிழமை வரும்போது கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றாள். எனக்கு எதுக்கு சிஸ்டர் கொட, நான் வெயில்லயே கெடந்தவ என்றாள் கித்தேரியம்மாள்.

"உங்களுக்கு இல்ல. காலுக்கு."

சொல்லிவிட்டு, சிரிப்பு வருவதற்குள் திரும்பிப் போய்விட்டாள். கித்தேரியம்மாள் குடையை விரித்தாள், ஒரு கம்பி ஒடிந்து தொங்கியது. குனிந்து, குடையைக் கீழே இறக்கி, கட்டுப் போட்ட காலுக்கு மேலே பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள். வாட்ச்மேன் பார்த்தார், ஆட்டோக்காரர்கள் பார்த்தார்கள், ஒருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. உச்சந்தலை கொதிக்க, ஒவ்வொரு எட்டாகக் குடையை நகர்த்தி நகர்த்தி அவள் ஆட்டோவரைக்கும் நடந்து போனாள்.